நாணலுக்குள் எத்தனை குரல்

மார்ச் 3

தம்பிக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன், இரண்டு பக்கம்தான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் பேசுகிறவர்கள் சொல்வதில் பாதிதான் இப்போது எனக்குக் காதில் விழுகிறது. மீதியை நானாக இட்டு நிரப்பிக்கொள்கிறேன்.

போன மாதம் என் மகள் வந்திருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வெளி அறையிலிருந்து அடுக்களைக்கு ஓடி வந்து, "அம்மா, மைக்ரோவேவ் பத்து நிமிஷமா பீப் பீப்னு கத்துது. பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, கேக்கலையா?" என்றாள். எது கத்துகிறது என்று கேட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அலமாரி மாதிரி ஒரு சின்ன அறை. காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்குங்கள் என்றார்கள். நானும் நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள் என்றார்கள்.

டாக்டர் ஒரு படம் காட்டினார். தாழ்ந்த சத்தத்துக்கெல்லாம் கோடு ஒழுங்காகப் போகிறது. உச்சஸ்தாயிக்கு வந்ததும் படிக்கட்டில் உருண்ட மாதிரி கீழே போய்விட்டது. "ரொம்ப நாளா இருக்கும்மா. அஞ்சு வருஷம்கூட இருக்கலாம். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஊசிக்குருவியின் பாட்டு எவ்வளவு மெல்லிசு என்று உனக்குச் சொல்ல வேண்டாம். கோடு விழுந்த அந்த இடத்தில்தான் அது பாடுகிறது.

பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு மே மாதமும் சதுப்பில் இருபத்து நான்கு இடத்தில் நின்று, அந்தக் குருவியைக் காதால் கேட்டு, எண்ணி எழுதிக் கொடுத்தவள் நான். முதல் வருடம் நாற்பத்தொன்று. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மூன்று வருடத்துக்கு முன்னால் பதினான்கு. அழிவை நெருங்குகிற இனம் இவ்வளவுதான் மிச்சமா என்று அந்தப் பதினான்கை வைத்துத்தான் பறவைக் கணக்கெடுப்பு அலுவலகம் சதுப்பில் நாணல் அறுக்கத் தடை போட்டது. உன் குத்தகை போயிற்று. நீ நாணல் அறுக்கும் மெஷினைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ஊரை விட்டுப் போனாய். போன மே மாதம் நான் எழுதிக் கொடுத்தது ஒன்பது.

குறைந்தது குருவியா, என் காதா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. விஷயம் இதுதான். அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

தடைக்கு முன்னால் நகராட்சிக் கூடத்தில் நடந்த கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் எழுந்து நின்று, "குருவி எங்கேயும் போகலை. தினம் என் காதால கேக்கறேன்" என்று சொன்னேன். நீ மேடையில் உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னாய்? "நாணல் அறுக்கிறவருக்கு மெஷின் சத்தத்துல குருவி எங்கே கேக்கப்போகுது?" கூடமே சிரித்தது. உன் பக்கத்தில் இருந்த உங்கள் அலுவலக அதிகாரி மேசையைத் தட்டிச் சிரித்தார். என் தம்பி என்றுகூட உனக்கு வாய் வரவில்லை. யாரோ ஒரு நாணல் அறுக்கிறவர்! அந்த மரியாதைதான் ரொம்பச் சுட்டது.

கடைசியில் காது கேட்காதது யாருக்கு?

நான் இங்கே ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். காலையிலிருந்து பெட்டிகளை இந்தப் பக்கத்திலிருந்து தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறேன். நான் போன பிறகு வேறொருத்தன் வந்து அதையே திருப்பி இந்தப் பக்கம் வைக்கிறான் என்று எனக்குச் சந்தேகம். ஜன்னல் கிடையாது. பதினெட்டு வருடம் வானத்தின் கீழ் நின்றவன் இப்போது வெளியே மழை பெய்கிறதா என்பதை லாரி டிரைவரின் சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இதை எழுதும்போது என் மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அவங்க காது போச்சுன்னு எழுதியிருக்காங்க. நீங்க என்னன்னா பழைய கூட்டத்தையே பிடிச்சுத் தொங்கறீங்களே" என்கிறாள். அவள் எப்போதுமே உன் கட்சி.

காது போனதற்கு வருத்தம்தான். நிஜமாகவே வருத்தம். ஆனால் அலுவலகத்தில் போய்ச் சொல். மென்று விழுங்காமல் சொல். நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

தம்பி

மார்ச் 26

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

முதலில் அந்தக் கூட்டத்துக்கு மன்னிப்பு. அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததுமே தெரியும். மூன்று வருடம் எதற்குக் காத்திருந்தேன் என்று கேட்டால், நீ முதலில் வந்து பேசட்டும் என்ற வீம்பு. சின்னவன்தானே, வருவான் என்று இருந்துவிட்டேன். நமக்கு இந்த வீம்பு ஒன்றுதான் பஞ்சமில்லாமல் கிடைத்திருக்கிறது.

அலுவலகத்தில் இப்போது புது அதிகாரி. இளம்பெண். மேசை நிறையக் காகிதம், நடுவில் பாதி தின்ற பிஸ்கட். நான் டாக்டரின் படத்தை அவள் முன்னால் வைத்தேன். பிஸ்கட்டைத் தள்ளிவிட்டுப் படத்தைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "மேடம், நீங்களா வந்து சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள். அதனால்தான் வந்தேன் என்றேன்.

முடிவு இது. கடைசி ஐந்து வருடக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இந்த மே மாதம் புதிதாக எண்ண வேண்டும். பாடும் ஆண் குருவி இருபத்தைந்தோ அதற்கு மேலோ இருந்தால் தடை நீங்கும், பாதிச் சதுப்பில் அறுக்கலாம். குறைந்தால் தடை தொடரும். படிவம் மே 31க்குள் போய்ச் சேர வேண்டும்.

எண்ண ஆள் இல்லை என்று அவளே கையைப் பிசைந்தாள். பதிவு பெற்ற இன்னொருவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். காதுச் சோதனையில் தேறும் ஒருவரை நான் அமர்த்தி, நான் பொறுப்புக் கையெழுத்துப் போடலாம் என்று விதியில் இருக்கிறது. உன்னைச் சொன்னேன். "அவர் நாணல் அறுக்கிறவராச்சே?" என்றாள். "ஆமா. என் தம்பி. அந்தச் சதுப்புல ஒவ்வொரு வாய்க்காலும் அவனுக்குத் தெரியும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போகிறேன். காது மெஷின் பொருத்தி, பழகி வர இரண்டு மாதமாகுமாம். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் இருக்கிறது. வா என்று சொல்லவில்லை. சாவி இருக்கிற இடத்தைச் சொன்னேன்.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாய். சொல் என்று நான்தான் சொன்னேன், ஆனால் நீ சொல்வாய் என்று நினைக்கவில்லை.

குடோன் மேலாளரிடம் மே மாதம் முழுக்க லீவு கேட்டேன். எதற்கு என்றார். குருவி எண்ண என்றேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே என்று விசாரித்தார்.

வருகிறேன். உனக்காக வரவில்லை, குருவிக்காகவும் வரவில்லை. அந்தக் கூடத்தில் சிரித்த அத்தனை பேர் முகத்துக்கு நேராக நாற்பது எண்ணிக் காட்டத்தான் வருகிறேன். குத்தகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இந்த ஃபோர்க்லிஃப்டுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

எப்படி எண்ணுவது என்று எழுது. அப்புறம் நான் தப்பாக எண்ணினேன் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

நீ எந்தக் கோபத்தில் வந்தாலும் சரி, வருகிறாயே.

இருபத்து நான்கு இடத்திலும் எண் போட்ட கட்டை நட்டிருக்கிறது. விடிந்ததும் ஒன்றாம் கட்டையில் ஆரம்பி. போய் நின்றதும் எண்ணத் தொடங்காதே. நீ நடந்து வந்த சத்தத்தில் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும், இரண்டு நிமிடம் விடு. பிறகு ஐந்து நிமிடம் கேள். கட்டைக்கு ஒரு வரி எழுது. காற்று அடித்தால் திரும்பி வந்துவிடு. உன்னிடம் இருக்குமே, நடந்தால் சரக் சரக்கென்று சத்தம் போடும் அந்த மழைக்கோட்டு, அதைப் போட்டுக்கொண்டு போகாதே. பதினோராம் கட்டைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே பலகை உளுத்திருக்கிறது. உன் எடைக்குத் தாங்காது.

பாடுவது ஆண் மட்டும்தான். ஒரு குரல், ஒரு குருவி. ஒரே குருவியை இரண்டு தடவை எழுதாதே. கஷ்டமே இதில்தான். ஒரு வரி இங்கே பாடிவிட்டு, நாணலுக்குள் தாழப் பறந்து போய் அங்கே ஒரு வரி பாடும். ஆசையோடு போனால் காது தாராளமாகக் கேட்கும். அதை நம்பாதே. இந்தப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீ கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது, மெஷின் இல்லாமலே.

நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் வெளி அறை அலமாரியில், வருட வாரியாக. போர்வை கட்டிலுக்கு அடியில் பெட்டியில். குழாயை இறுக்கி மூடு, சொட்டும். எனக்கு அந்தச் சொட்டுச் சத்தமும் கேட்பதில்லை. தையல்காரர்தான் தண்ணீர் வெளியே வருகிறதென்று ஒருநாள் கதவைத் தட்டினார்.

அக்கா

மே 6

அக்காவுக்கு,

காதுச் சோதனையில் இருபது பாட்டுக்குப் பத்தொன்பது சரி. உன் அதிகாரிப் பெண், "சார், இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க?" என்றாள். உங்கள் தடைக்கு அந்தப் பக்கம் என்றேன்.

இன்று காலை எண்ணினேன். உட்கார்ந்துகொள்.

இருபத்தாறு!

நாற்பது இல்லைதான், போகட்டும். இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. போன வருடம் நீ எழுதியது ஒன்பது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டாம் கட்டைகளில் திரும்பின பக்கமெல்லாம் பாட்டு. நான் அன்றைக்குச் சொன்னேனா இல்லையா? சேற்றில் நின்றுகொண்டு ஒரு ஆட்டம் போட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

படிவத்தில் உன் கையெழுத்து வேண்டும். இத்தோடு வைத்திருக்கிறேன். உடனே அனுப்பு.

தம்பி

மே 12

தம்பிக்கு,

படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். எண்ணை நான் எழுதவில்லை. எண்ணியவர்தான் தன் கையால் எழுத வேண்டும் என்று விதி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். மாப்பிள்ளை பயந்துபோய் மகளைக் கூப்பிட்டார். பதினேழு குருவி என் கண்ணெதிரில் உயிரோடு இருந்திருக்கிறது, நான் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதுகள் இருப்பதில் வருகிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூடவே, உன்னை வீட்டை விட்டு, வேலையை விட்டுத் துரத்தியவளும் நான்தான். உன் மூன்று வருடத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

இங்கே காது மெஷின் பொருத்திவிட்டார்கள். முதல் நாள் என் சேலை உரசுகிற சத்தத்துக்கே திடுக்கிட்டேன். மாப்பிள்ளை சாப்பிடும்போது இவ்வளவு சத்தம் போடுவார் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

உன் அறுப்பு மெஷினைத் தார்ப்பாயிலிருந்து எடு. எண்ணெய் போடு.

அக்கா

மே 19

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கையெழுத்திட்ட படிவம் வந்ததும் நேராக அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். பேராசை விட்டதா? இருபத்தாறை முப்பதாக்கிக் கொடுத்தால் என்ன என்று மறுபடியும் கிளம்பினேன். எங்கெங்கே நீ கோட்டை விட்டாய் என்று ஒப்பிட்டுப் பார்க்க, உன் போன வருட நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் கட்டையில் ஒருவர் பாடினார். நோட்டைப் பிரித்தேன். "கட்டை 5. வாலில் ஓர் இறகு இல்லாதவன். நாணல் நுனி. வாய் திறந்திருந்தது. தொண்டை துடித்தது" என்று எழுதியிருக்கிறாய். நிமிர்ந்து பார்த்தால் வாலில் அதே மாதிரி ஒரு சந்து. அட, போன வருடத்து ஆளே இருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டேன். ஆறாம் கட்டைக்குப் போனேன். பாட்டு. பார்த்தால் வாலில் சந்து. ஏழாம் கட்டை, மறுபடியும் சந்து. எட்டிலும் அவரேதான். வாய்க்கால் ஓரம் முழுக்க அவர் ஒருவருடைய இடம் அக்கா. நான் அதற்குள் நடக்கிறேன், என்னை வெளியே போடா என்று விரட்டிக்கொண்டே கூட வருகிறார். முதல் நாள் அவர் ஒருவரையே நான் ஆறு பேராக எழுதி வைத்திருந்தேன்.

அப்புறம் எங்கே முப்பது? மறுநாள் கட்டை கட்டையாகக் கண்ணையும் வைத்துக்கொண்டு எண்ணினேன். மற்ற இடங்களிலும் இதே கதைதான். பதினொன்று. அதற்கு மறுநாளும் போனேன். ஒன்றாவது கூடாதா என்று கெஞ்சாத குறை. பதினொன்றுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மெஷின் கொட்டகைப் பக்கம் போய் ஒரு காலை முழுக்க உட்கார்ந்தேன். பதினெட்டு வருடம் நாள் முழுக்கக் குருவிச் சத்தம் கேட்ட இடம். அங்கே பாடுவது இரண்டே பேர். இரண்டு பேர் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை ஓயாமல் பாடியிருக்கிறார்கள், நான் சதுப்பே நிரம்பி வழிகிறது என்று நம்பியிருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் கூடத்தில் எழுந்து நின்று அப்படிக் கத்தினேன். சிரித்தவர்கள் சரியாகத்தான் சிரித்திருக்கிறார்கள்.

உன் கணக்கு ஒன்பது. என் கணக்கு பதினொன்று. உன்னிடம் தப்பியது இரண்டு பேர்தான்.

காது போனவள் எப்படி ஒன்பது எண்ணினாள் என்று யோசித்தேன். எல்லா நோட்டையும் வெளி அறையில் பரப்பிப் போட்டுப் படித்தேன். முதல் பதினான்கு வருடமும் "கேட்டது 2", "கேட்டது 3" என்று மட்டும்தான் இருக்கிறது. கடைசி ஐந்து வருடம் நாணல் நுனி, திறந்த வாய், தொண்டை. பாட்டைக் கேட்கிறவர் எவராவது தொண்டையைப் பார்த்து எழுதுவாரா? உனக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. டாக்டர் சொல்வதற்கு ஐந்து வருடம் முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அந்த மேடையில் என்னைப் பார்த்துக் காது கேட்காதவன் என்றாய்.

படிவம் உன் மேசை மேல் இருக்கிறது. உன் கையெழுத்து இருக்கிறது. எண் போடும் கட்டம் காலி. இருபத்தாறு என்று எழுதினால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. முதல் நாள் நிஜமாகவே அப்படித்தான் எண்ணினேன், பொய்கூட இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

தம்பி

மே 24

தம்பிக்கு,

ஆமாம்.

ஐந்து வருடம் முன்பு ஒருநாள், பன்னிரண்டாம் கட்டை. நாலடி தூரத்தில் ஒருவன் வாயைத் திறந்து, தொண்டை நடுங்க நடுங்கப் பாடுகிறான். எனக்குச் சத்தமே வரவில்லை. காற்றடிக்கிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. அன்றிலிருந்து பார்த்துப் பார்த்து எழுதினேன். கேட்டது என்று போட மனம் வரவில்லை, கேட்கவில்லை என்று போடவும் தைரியம் வரவில்லை.

சொன்னால் என்னை எடுத்துவிடுவார்கள் என்று பயம். உன் அத்தான் இறந்துபோன பிறகு, மே மாதம் விடியலில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேனே, அது ஒன்றுக்காகத்தான் மீதிப் பதினோரு மாதமும் எழுந்திருந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யார்? இது சமாதானம் ஆகாது. காரணத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் உன்னை ஏன் அப்படி மடக்கினேன் என்பதும் இப்போது தெரிகிறது. நீ எழுந்து, தினம் கேட்கிறேன் என்றதும் உன் வாயை உடனே அடைக்கப் பார்த்தேன். தன் கணக்கில் சந்தேகம் இல்லாதவள் அவ்வளவு சத்தமாகப் பேச மாட்டாள்.

நேற்று காது மெஷின்காரர் ஊசிக்குருவியின் பாட்டை ஒலிப்பதிவில் போட்டுக் காட்டினார். கேட்டது. தகரத்தில் கரண்டி உரசுகிற மாதிரி கேட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இனிமேல் எனக்கு அது இப்படித்தான்.

படிவத்துக்கு வருவோம். உன் இஷ்டப்படி எழுது. இருபத்தாறு என்று எழுதினாலும் அந்தக் கையெழுத்து என்னுடையதுதான், நான் திரும்பக் கேட்க மாட்டேன், யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன். ஐந்து வருடம் மறைத்தவளுக்கு உன்னிடம் நேர்மை கேட்க என்ன உரிமை? குத்தகை உன் பிழைப்பு. நீ குடோனில் வாடுவதைக் குருவியின் பெயரைச் சொல்லி நான் இன்னொரு தடவை நியாயப்படுத்த மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் சொன்னால் போதும். அந்தப் பதினோரு பேரும் எங்கெங்கே நின்று பாடினார்கள்?

அக்கா

ஜூன் 1

அக்காவுக்கு,

படிவத்தை நேற்று மதியம் மூன்றரை மணிக்குக் கொடுத்தேன். நாலு மணிக்கு அலுவலகம் மூடுகிறார்கள்.

பன்னிரண்டு நாள் அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய காகிதத்தில் இருபத்தாறு, இருபத்தாறு என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மனைவிக்குப் போன் பண்ணினேன். "உங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்க. குடோன் சோறு எனக்கொண்ணும் கசக்கலை. ஆனா இருபத்தாறுன்னு எழுதிட்டு ராத்திரி ராத்திரி என்கிட்ட வந்து புலம்பக் கூடாது" என்றாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் என்னை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். உன் கேள்விக்குப் பிறகுதான் அதையே பார்க்கப் போனேன். பதினோரு பேரில் ஒன்பது பேர் இளநாணல் ஓரத்தில் நிற்கிறார்கள். அதாவது தடைக்கு முந்தின குளிர்காலத்தில் நான் கடைசியாக அறுத்த நீளப் பட்டைகள், அப்புறம் மின்சாரக் கம்பிக்குக் கீழே மின்வாரியத்து ஆள் வருடா வருடம் வெட்டிவிடுகிற பட்டை. அறுக்காமல் விட்ட பழைய நாணலுக்குள் புகுந்து பார்த்தேன். உள்ளே தண்ணீரே இல்லை. காய்ந்த சருகு முழங்கால் அளவு, அதில் புதர் முளைத்து என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. ஒரு குருவிகூட இல்லை. மொத்தத்தையும் மழுங்க அறுத்தாலும் குருவி போய்விடும், ஒன்றையுமே அறுக்காமல் விட்டாலும் போய்விடும் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் ஒரு காலத்தில் மழுங்கத்தான் அறுத்தேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன். படிவத்தின் பின்பக்கம் சதுப்பின் படம் போட்டு, எந்தப் பட்டையை எந்த வருடம் அறுத்தேன், யார் எங்கே பாடினார் என்று எல்லாவற்றையும் குறித்தேன். எண் கட்டத்தில் 11 என்று போட்டேன். இரண்டு கோடுதான், கோணலாகப் போய்விட்டது.

அதிகாரிப் பெண் வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சார், அன்னிக்குப் போன்ல இருபத்தாறுன்னு சொன்னீங்களே?"

"தப்பா எண்ணிட்டேம்மா. ஒரே ஆளைப் பல தடவை எழுதிட்டேன்."

"இதுல தடை நீடிக்கும். தெரியும்ல?"

"தெரியும்."

"உங்க குத்தகை திரும்பக் கிடைக்காது."

"தெரியும்னு சொன்னேன்ல. முத்திரையைக் குத்துங்க."

குத்தினாள். பிறகு பின்பக்கத்துப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பதினொன்றை வைத்துக்கொண்டு இப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது என்றாள். முடியாதுதான் என்றேன். வரும் குளிர்காலத்தில் ஒரே ஒரு பட்டையை மட்டும் சோதனைக்கு அறுத்துப் பார்க்க அனுமதி கேட்டு மேலே எழுதுகிறேன், ஆனால் எந்த உறுதியும் தர முடியாது என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் எழுதுவாள் என்றுதான் தோன்றுகிறது. மேலே இருக்கிறவர்கள் படிப்பார்களா, யாருக்குத் தெரியும்.

வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். குருவிக்காக அழுதேன் என்று உன்னிடம் பீற்றிக்கொள்ள மாட்டேன். குத்தகைக்காகத்தான் அழுதேன். திங்கள்கிழமை மறுபடி அந்த ஜன்னல் இல்லாத குடோனுக்குள் போக வேண்டும்.

என் கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே. ஐந்து வருடம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தாய் என்பதை நான் அவ்வளவு லேசில் விடப்போவதில்லை. கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் கை விட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இங்கேதான் இருக்கிறேன், மனைவியும் நாளை வருகிறாள். சனிக்கிழமையே வண்டி ஏறி வந்துவிடு. எதிரில் உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, என் வாய் உனக்குத் தெரியும்படி மெதுவாகத் திட்டுகிறேன். ஒரு வார்த்தைகூட நீ தவறவிடக் கூடாது.

தம்பி